தணிகைவேல் பேரில் ஒரு கோடி

மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளுகிற சுருக்குவலைக்குத் தடை வந்த பிறகு பெரிய போட்டு ரெண்டு வருஷம் மணலிலேயே கிடந்தது. கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டினால் வருகிற குப்பம். போட்டின் வயிற்றுக்கடியில் நாய் குட்டி போட்டது. தார்ப்பாய்க்குள் சுருட்டி வைத்த வலையை எலி கடித்தது. மீன்துறை ஜீப் வரும்போது போட்டின் பங்குக்காரர்கள் இருபது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஜீப் தோப்பைத் தாண்டியதும் தடை போட்டவனின் தாயிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

போட்டு பங்குக்காரர்களில் ஒருத்தனான தணிகைவேல் பேரில் இருந்தது. அங்கே எந்தப் பெரிய போட்டும் யாராவது ஒருத்தர் பேரில்தான் இருக்கும். லைசென்சுக்கும் டீசல் மானியத்துக்கும் ஆபீசில் ஒரு பேர் கேட்பான். குடிக்காத, கையெழுத்துப் போடத் தெரிந்த ஆளாகப் பார்த்து அவன் பேரைக் கொடுத்துவிடுவார்கள். பேர் கொடுத்தவனுக்கு அதற்காக ஒரு பைசா கூட வராது. மீன் பட்டு வருகிற வரும்படியைப் பாடு என்பார்கள். பாடு விற்ற காசை மணலில் தார்ப்பாய் விரித்துப் போட்டு, டீசலும் ஐசும் கழித்து, கோயிலுக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியைத் தணிகைவேல் பிரித்துக் கொடுப்பான். எழுத்து கிடையாது. எழுதிக் கொடு என்று கேட்பது முகத்தில் துப்புகிற மாதிரி.

அவன் பெண்டாட்டி விஜயராணி ஏலத்தில் மீன் எடுத்து வில்லியனூர் மார்க்கெட்டில் விற்றாள். விடியும் முன்னே நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோ பிடித்து, பாகூர், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போவார்கள். கூடையில் சங்கராவோ கவலை மீனோ இருக்கும். உறுவையாறு கிராமத்து விவசாய வீட்டுப் பெண்கள் அவளுக்கு வாடிக்கை. முள் எடுத்துத் தரச் சொல்லி நின்று பேசிவிட்டுப் போவார்கள். பிள்ளை இல்லை. பக்கத்து வீடு தணிகைவேலின் தங்கச்சி வள்ளிநாயகி வீடு. அவள் புருஷன் பங்குக்காரர்களில் ஒருத்தன். ஒரு புயலில் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவள் மகள் கார்த்திகா பாதி நாள் மாமன் வீட்டில்தான் சாப்பிட்டாள், மாமன் வீட்டில்தான் தூங்கினாள். அவளுக்குக் காது குத்தியபோது விஜயராணி மடியில்தான் உட்கார வைத்தார்கள்.

கடைசியில் போட்டையும் வலையையும் எஞ்சினையும் ஓர் ஆந்திராக்காரர் வாங்கிக்கொண்டு போனார். பணம் தணிகைவேல் பேரில் பேங்கில் விழுந்தது. பிரித்துக் கொடுத்துவிடலாம் என்றான் அவன். பிரித்தால் ஆளுக்கு ஒரு பைபர் போட்டுகூட வராது, குடித்தே தீர்த்துவிடுவானுங்க என்றார் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் முத்துசாமி. அவரும் பங்குக்காரர்தான். அந்தச் சமயத்தில்தான் கமலக்கண்ணன் வந்தான்.

பாகூரில் இவர்கள் கயிறும் பெயிண்டும் வாங்குகிற கடைக்காரரின் மகன் அவன். பட்டணத்தில் பணம் போட்டு வைக்கிற வேலை பார்த்தான். அதாவது அடுத்தவர் பணத்தைக் கம்பெனிகளில் போட்டுவிட்டுக் கமிஷன் வாங்குவான். வலை பின்னுகிற கொட்டகையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஷூவுக்குள் மணல் போய்விட, ஒன்றைக் கழற்றித் தட்டிக்கொண்டே பேசினான். சென்னையில் ஒரு ஃபண்டு இருக்கிறது. பேங்க் கடன் கொடுக்காத பெரிய பெரிய கட்டடக்காரர்களுக்கு அது கடன் கொடுக்கிறது. அதனால் வட்டி அதிகம். மூன்று மாசத்துக்கு ஒருமுறை கணக்கில் வந்து விழும். நெட்டப்பாக்கத்தில் நிலம் விற்ற ஒருத்தர் ரெண்டு கோடி போட்டிருக்கிறார்.

"ஆனா இது எல்லாருக்கும் கெடைக்காதுண்ணே. ஒரு கோடி இருந்தாத்தான் உள்ளயே வுடுவான். சர்க்காரு ரூலு" என்றான்.

"ஏன், எங்க காசுல மீன் நாத்தம் அடிக்குதாமா?" என்றார் முத்துசாமி.

"அடிக்குந்தான மாமா" என்றான் கோவிந்தராஜ். வலையில் ஈயக்குண்டு கட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது. "நீ எண்ணிக் குடுத்த நோட்ட பேங்க்காரன் மூக்கப் பொத்திகினுதான வாங்கனான்."

சின்ன ஆட்கள் நஷ்டம் வந்தால் தாங்க மாட்டார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குப் புரியாது, அதனால்தான் அவர்கள் வராதபடி வேலி வைத்திருக்கிறது சர்க்கார் என்று கமலக்கண்ணன் விளக்கினான். அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

முத்துசாமி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "சுருக்குவல போடாதன்னான். போட்டா மீனு அழிஞ்சிடுமாம். இப்ப இதுல காசு போடாதன்றான். போட்டா நாம அழிஞ்சிடுவோமாம். நம்ம மேல இன்னா ஒரு கவல பாரு அவனுக்கு."

கொட்டகையே சிரித்தது. கூடை கழுவிக்கொண்டிருந்த விஜயராணியும் சிரித்தாள்.

ஒரு கோடிக்குக் கொஞ்சம் குறைந்தது. பெண்டாட்டி நகையைச் சிலர் பாகூர் அடகுக்கடையில் வைத்தார்கள். அப்படியும் எட்டவில்லை. வள்ளிநாயகி புருஷன் செத்ததற்கு வந்த இன்சூரன்ஸ் பணத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கார்த்திகா கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பணம். இது வேண்டாம் என்றான் தணிகைவேல். எல்லாரும் துன்னும்போது நான் மட்டும் வேடிக்கை பார்க்கணுமா என்று அவள் அழுதாள். வாங்கிக்கொள்ளேன், அவள் என்ன அந்நியமா என்று விஜயராணிதான் சொன்னாள்.

கையெழுத்துப் போட்ட அன்றைக்குக் கமலக்கண்ணன் ஒரு கட்டத்தைக் காட்டினான். இந்தப் பணம் உங்கள் சொந்தப் பணமா, வேறு யாருக்காகவாவது போடுகிறீர்களா என்று கேட்டிருந்தது. தணிகைவேல் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.

"இருவது பேரு காசுன்னு எழுதணுமாப்பா?"

"எழுதனா உள்ள வுடமாட்டாண்ணே. ஆளுக்கு ஒரு கோடி கேப்பான். போட்டு யாரு பேர்ல இருந்துச்சு?"

"எம்பேர்ல."

"அப்ப இதுவும் அப்படித்தான்."

அது தணிகைவேலுக்குச் சரியாகப் பட்டது. ஆபீசில் ஒரு பேர், கரையில் எல்லாருக்கும் பங்கு. பிறந்ததிலிருந்து அவன் பார்த்தது அதுதான். பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. சொந்தப் பணம் என்ற கட்டத்தில் டிக் அடித்தான்.

முதல் வட்டி வந்தபோது பேங்கிலிருந்து பணமாக எடுத்து வந்து, பழையபடி மணலில் தார்ப்பாய் விரித்துப் பிரித்தான். வலை நனையாத பாடு என்றார்கள். அன்றைக்கு ஊரில் எல்லா வீட்டிலும் கறி. வில்லியனூர் மார்க்கெட்டில் விஜயராணியைக் கோடீஸ்வரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பக்கத்துக் கூடைக்காரி, "ஏண்டி, கோடி வச்சிகினு எதுக்குடி கொடலு புடுங்கற" என்பாள். இவள் குனிந்து குடல் எடுத்துக்கொண்டே இருப்பாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த வருஷம் அவள் மூக்குத்தியைத் திருகு போட்டதாக மாற்றிக்கொண்டாள்.

அப்படி ஒரு ஒன்றரை வருஷம் போயிருக்கும். பிறகு ஒரு தவணை வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. தணிகைவேலின் போனில் இங்கிலீஷில் ஒரு செய்தி வந்தது. கார்த்திகா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், அவள்தான் படித்துச் சொன்னாள். கடன் வாங்கிய கட்டடக்காரர்கள் திருப்பவில்லை. யார் பணத்தையும் இப்போதைக்கு வெளியே எடுக்க முடியாது. கட்டடங்கள் விற்கும்போது பார்க்கலாம்.

கமலக்கண்ணன் போனை எடுக்கவில்லை. பாகூர்க் கடைக்குப் போனால் அவன் அப்பா எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, மகன் பெங்களூர் போயிருக்கிறான் என்றார். அன்றைக்குப் பெயிண்ட் வாங்க வந்தவர்கள் முன்னால் சத்தம் போடவும் இவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. சோடாவைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்கள்.

முத்துசாமியும் கோவிந்தராஜும் தணிகைவேலை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போனார்கள். கம்பெனி ஆபீசில் வாசல் பெண் யார் முதலீட்டாளர் என்று கேட்டு, அவர் மட்டும் உள்ளே வரலாம் என்றாள். ஊர்த் தலைவர் வெளியே பிளாஸ்டிக் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே தணிகைவேலுக்குக் காபி கொடுத்தார்கள். சார் நஷ்டத்தைத் தாங்கக்கூடிய ஆள், எல்லாம் தெரிந்துதான் போடுகிறேன் என்று சாரே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று காட்டினார்கள். ஒவ்வொரு வரிக்கும் அவனை சார் என்றார்கள்.

அப்புறம் கார்த்திகாவை வைத்து சர்க்காருக்கு ஒரு புகார் எழுதினார்கள். இது இருபது மீனவக் குடும்பத்தின் பணம், ஏழைகள், கருணை காட்ட வேண்டும் என்று. பதில் வந்தது. சின்ன முதலீட்டாளர்களைக் காப்பதற்கான வழிகள் வேறு. இது பெரிய முதலீட்டாளர்களுக்கானது, ஒப்பந்தப்படி நீங்களே தீர்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி எங்கள் பதிவில் தணிகைவேலைத் தவிர வேறு யாரும் இல்லை.

அந்தப் பதிலைக் கார்த்திகா கொட்டகையில் படித்துக் காட்டினாள்.

"வேலிய எட்டிக் குதிச்சது நாமதான" என்றார் வயசான ஒரு பங்குக்காரர். "நம்மள மாதிரி ஆளு போவக்கூடாதுன்னுதான் வச்சிருக்கான். வச்சவன் சரியாத்தான் வச்சிருக்கான்."

"இன்னா சரி?" என்றான் கோவிந்தராஜ். "ஒரு கோடின்னு வச்சான், பித்தளக் கொடத்த அடகு வச்சி எட்டிட்டோம். அஞ்சு கோடின்னு வச்சிருக்கணும். கஸ்மாலம், வேலி வைக்கிறவன் ஒழுங்கா வைக்க வாணாம்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முத்துசாமி தணிகைவேலைப் பார்த்தார். "வேலி கதைய வுடு. அந்தப் பேப்பர்ல யாரு பேரு இருக்குது?"

அதோடு பேச்சு திரும்பிவிட்டது. அந்த வாரமே பஞ்சாயத்து கூடியது. தணிகைவேல் எப்படியாவது ஊர்ப் பணத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். வைக்கிறவரை அவனை எந்தப் போட்டிலும் ஏற்றக்கூடாது. அவன் பெண்டாட்டி ஏலத்தில் மீன் கேட்கக்கூடாது. அந்த வீட்டோடு யாரும் கொடுக்கல் வாங்கல், பேச்சு வைத்துக்கொள்ளக்கூடாது. மீறினால் அபராதம். ஊர்க் கட்டு என்பது அதுதான். வீட்டை எழுதித் தருகிறேன் என்றான் தணிகைவேல். வீடு சர்க்கார் கட்டிக் கொடுத்த சுனாமி வீடு, எழுத முடியாது என்று அவர்களுக்கும் தெரியும்.

மறுநாள் விஜயராணி ஏலத்துக்குப் போனாள். அவள் விலை கேட்டாள். ஏலம் விடுகிறவன் அவளைத் தாண்டி அடுத்தவளைப் பார்த்தான். இன்னும் ஏற்றிக் கேட்டாள். காற்று அடித்த மாதிரி அவன் காதைத் தேய்த்துக்கொண்டு, அவள் கேட்டதில் பாதிக்கு இன்னொருத்திக்குக் கொடுத்தான். அந்தப் பெண் பத்து வருஷமாக அவளோடு ஒரே ஆட்டோவில் வருகிறவள். குனிந்த தலை நிமிராமல் மீனை அள்ளினாள்.

அதன்பிறகு கடலூர் துறைமுகத்துக்குப் பஸ் ஏறிப் போய் மீன் எடுத்தாள். மீன் வந்து சேரும்போது வெயில் ஏறிவிடும். வில்லியனூரில் வாடிக்கைக்காரர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

வள்ளிநாயகி ரெண்டு வீட்டுக்கும் நடுவில் முள் வெட்டிப் போட்டாள். ரெண்டு வீட்டுக்கும் பொதுவான குழாய் அந்தப் பக்கம் போய்விட்டது. கார்த்திகாவுக்கு மூர்த்திக்குப்பத்தில் ஒரு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். நகை இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் நாளைத் தள்ளிப்போட்டார்கள். ஒருநாள் தெருவில் எதிரே வந்த கார்த்திகாவிடம் தணிகைவேல், "சாப்ட்டியாம்மா" என்று கேட்டுவிட்டான். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு தாண்டிப் போனாள். போன் அணைந்து கிடந்ததை அவன் பார்த்தான். வீட்டுக்கு வந்து விஜயராணியிடம் அதைச் சொன்னான்.

"சின்னப் பொண்ணு, ஊருக்கு பயப்படுது" என்றாள் அவள்.

"பயப்படல ராணி. அதுக்கு என்னப் புடிக்கல."

பாகூர் ஏரிப் பக்கம் குத்தகைக்குக் குளம் எடுத்து மீன் வளர்க்கிற ஒருத்தரிடம் அவன் கூலிக்குப் போனான். கட்லாவும் ரோகுவும். சேற்று நாற்றம் அடிக்கிற மீனுக்கு வலை இழுப்பதை அவன் முன்பெல்லாம் கேலி செய்வான். சித்திரை மாசம் ஒரு காலையில் முழங்கால் தண்ணீரில் வலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தவன் குனிந்தான். மீன் சேர்கிற மடியைத் தூக்கத்தான் குனிகிறான் என்று மற்றவர்கள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். வலை கரைக்கு வந்தபோது அவனும் அதோடு வந்தான்.

குளத்துக்காரரின் மீன் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். பிணம் வைக்கிற ஐஸ் பெட்டிக்குக் கிருமாம்பாக்கத்தில் சொன்னது குளத்துக்காரர்தான். வண்டிச் சத்தம் கேட்டும் யாரும் வெளியே வரவில்லை. மதியம்வரை பிணத்தோடு விஜயராணி தனியாக உட்கார்ந்திருந்தாள். புயலைத் தாண்டி வந்தவன் கெண்டைக் குட்டையில் செத்தானே என்று வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சொல்வதும், இன்னொருத்தர் மெதுவாகச் சிரிப்பதும் கேட்டது. வெயில் கூரைத் தகட்டில் இறங்கியது. ஈ மொய்த்தது. அவள் முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

பெட்டிக்காரர்கள் வந்து அவனை உள்ளே கிடத்தி ஒயர் மாட்டிவிட்டுப் போனார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து வந்தார்கள். முன்னால் முத்துசாமி, பின்னால் பங்குக்காரர்கள், பெண்கள். முறைப்படி துணி போடத்தான் வருகிறார்கள் என்று நினைத்து விஜயராணி எழுந்து நின்றாள். முத்துசாமி கையில் முத்திரைத்தாள் இருந்தது.

ஊர் தூக்காமல் பிணம் போகாது என்று அவளுக்குத் தெரியும். குழி வெட்ட, பாடை கட்ட, தோள் கொடுக்க யாரும் வரமாட்டார்கள். முத்துசாமி இரைந்து பேசவில்லை. கம்பெனிப் பேப்பரில் அவனுக்கு அடுத்த பேர் உன் பேர்தான், இனி அது உன் காசு என்று நாளைக்கு எவனாவது வக்கீல் சொல்லிக்கொடுப்பான். அதனால் இப்போதே எழுதிக் கொடுத்துவிடு, பிணத்தின் முன்னால் வாயாலும் சொல்லிவிடு என்றார்.

"மொதல்ல அவர எடுங்க மாமா" என்றாள் விஜயராணி. "நான் எங்க ஓடப்போறேன். நாளைக்கு எழுதித் தரேன்."

"அவனும் அப்படித்தான் சொன்னான், நாளைக்கு நாளைக்குன்னு. இப்ப பாரு, படுத்துட்டான்."

அவள் வள்ளிநாயகியைப் பார்த்தாள். "வள்ளி, ஒங்கண்ணன்டி. நீயாவது சொல்லு."

வள்ளிநாயகி அழுதுகொண்டுதான் இருந்தாள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஐஸ் பெட்டி ஒயர் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் போனாள். பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் இரைச்சல் நின்றது. அதுவரை அப்படி ஓர் இரைச்சல் இருந்ததே அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

"எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறாம பண்ணிட்டு இவன் மட்டும் குளுகுளுன்னு படுத்துனு இருக்கானா?" என்றாள். "நீ சொல்லு அண்ணி, மாட்டறேன். சொல்ற வரைக்கும் நாறட்டும்."

கூட்டத்தில் ஒரு கிழவி ஐயோ என்றாள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். கண்ணாடி மூடியில் உள்பக்கம் வேர்த்து நீர் கோடு கோடாக இறங்கியது. தணிகைவேலின் முகம் அந்தத் தண்ணீருக்குப் பின்னால் கலங்கித் தெரிந்தது. வள்ளிநாயகி பிளக்கைக் கையில் பிடித்தபடி சுவரோடு உட்கார்ந்துவிட்டாள்.

விஜயராணி கையெழுத்துப் போட்டாள். பிறகு பெட்டியில் கை வைத்துக்கொண்டு, இந்தப் பணம் என் புருஷனுடையது இல்லை, இருபது பேருடையது, அவருக்கு இதில் ஒரு பங்குதான் என்று சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி சொல்ல வைத்தார்கள். கார்த்திகா போனில் அதைப் படம் பிடித்தாள். வெளிச்சம் போதாததால், "அத்த, இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பு" என்றாள்.

விஜயராணி திரும்பினாள்.

சாயங்காலம் பிணம் போனது. ஊரே தோள் கொடுத்தது. வள்ளிநாயகி தெருவில் விழுந்து புரண்டு அழுததைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் கூடக் கண் கலங்கினார்கள். அண்ணன் தங்கச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பாகூரிலிருந்து வந்த, சோடா வாங்கிக் கொடுத்த கடைக்காரர், கமலக்கண்ணனின் அப்பா, சொல்லிவிட்டுப் போனார்.

ஊர்க் கட்டு எடுக்கப்படவில்லை. பணம் வந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். மழைக்காலம் முழுக்க விஜயராணி கடலூருக்கே போய் வந்தாள். சோறு வடித்தால் ஒருத்திக்கு அளவு தெரியாமல் மிஞ்சியது. மிஞ்சினதைத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்துவிட்டு ஓடினாள்.

கார்த்திகை மாசம் கமலக்கண்ணன் வந்தான். ஷூ இல்லாமல் செருப்போடு வந்தான். முத்துசாமி கூடவே நடந்து வந்தார். கம்பெனி சென்னையில் ஒரு கட்டடத்தை விற்றுவிட்டது. போட்ட பணத்தில் பாதிக்கு மேல் திரும்பி வரும். தணிகைவேல் பேரில் இருப்பதை விஜயராணி பேருக்கு மாற்ற வேண்டும். போனில் முகம் பார்த்து ரெண்டு கேள்வி கேட்பார்கள், அவ்வளவுதான். முன்பு ஊர் அனுப்பின புகார் அவர்களிடம் இருப்பதால், இது யார் பணம் என்று கட்டாயம் கேட்பார்கள்.

"புருஷன் காசுன்னு சொல்லிடு ராணி" என்றார் முத்துசாமி. "ஊருக்காக ஒரு பொய். வந்தப்புறம் நாம பிரிச்சிக்கலாம், வழக்கம்போல."

அன்று சாயங்காலமே முள் வேலி காணாமல் போயிருந்தது. மறுநாள் ஏலம் விடுகிறவன் ஒரு கூடை சங்கராவை அவள் வாசலிலேயே கொண்டுவந்து வைத்து, காசு அப்புறம் குடு அக்கா என்றான். வள்ளிநாயகி மூடி போட்ட பாத்திரத்தில் வஞ்சிரக் குழம்பு கொண்டுவந்தாள். வாசலில் நின்று, "ஒடம்ப பாத்துக்க அண்ணி, எளச்சிட்ட" என்றாள். விஜயராணி பாத்திரத்தை வாங்கிக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

கேள்வி கேட்கிற நாளில் வாசலில் பெருங்கூட்டம். கார்த்திகாதான் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, முகம் தெரிகிற மாதிரி சரிசெய்தாள். விஜயராணியின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். விரல் குளிர்ச்சியாக இருந்தது. குழந்தையில் காய்ச்சல் வந்தால் இந்த விரல்களைத்தான் விஜயராணி ராத்திரியெல்லாம் பிடித்துக்கொண்டு கிடப்பாள்.

"பயப்படாத அத்த. ஆமான்னு மட்டும் சொல்லு" என்றாள் கார்த்திகா. அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்று போனில் சொன்னதும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

கம்பெனிப் பெண்ணுக்குச் சின்ன வயசு. பேர், ஊர், ஆதார் எல்லாம் கேட்டாள். தணிகைவேல் இறந்ததற்கு வருத்தம் சொன்னாள். பிறகு, "இந்தப் பணம் உங்க கணவரோட சொந்தப் பணமாம்மா? இல்ல வேற யாருக்காகவாவது வெச்சிருந்தாரா?" என்றாள்.

விஜயராணி திரும்பிப் பார்த்தாள். சாத்திய கதவுக்குக் கீழே நிறையக் கால்களின் நிழல் அசைந்தது.

"மத்தவங்க காசுன்னா இன்னா ஆவும்மா?"

பெண் கொஞ்சம் தயங்கினாள். "அவரோடதுன்னா அடுத்த மாசம் உங்க கணக்குக்கு வந்துடும். மத்தவங்களோடதுன்னா தப்பான உறுதிமொழி கொடுத்ததா ஆயிடும்மா. விதிப்படி நிறுத்தி வெச்சிடுவோம். அப்புறம் கோர்ட்டுதான்."

"எத்தினி வருசம்?"

"சொல்ல முடியாதும்மா."

"கோர்ட்டுல அவங்களுக்குக் கெடைக்குமா?"

"அவங்க யாரும் எங்க முதலீட்டாளரே இல்லையேம்மா. ரொம்பக் கஷ்டம்." பிறகு அவளே குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் கெடைக்காதும்மா. யோசிச்சிச் சொல்லுங்க" என்றாள்.

நல்ல பெண்தான். விஜயராணிக்கு அவளை நிஜமாகவே பிடித்துப்போனது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"எம்புருஷன் காசு இல்லம்மா. அவரு பேரு மட்டுந்தான். எழுதிக்க" என்றாள்.

ஒவ்வொரு பேராகச் சொன்னாள். அப்பா பேரோடு சொன்னாள். முத்துசாமி பேரைச் சொன்னாள், கோவிந்தராஜ் பேரைச் சொன்னாள். வள்ளிநாயகி பேர் வந்தபோது அந்தப் பெண்ணுக்குச் சரியாகக் கேட்கவில்லை. எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொன்னாள். ஊரார் கையெழுத்து வாங்கின பத்திரம் இருக்கிறது, தான் சொன்னதைப் படம் பிடித்தும் வைத்திருக்கிறார்கள், வேண்டுமானால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, உண்மையைச் சொன்னதற்கு நன்றி, முடிவைப் பத்து நாளில் கடிதமாக அனுப்புவோம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

விஜயராணி கதவைத் திறந்தாள். வெயிலில் கண் கூசியது. எல்லா முகங்களும் அவள் முகத்தையே பார்த்தன.

"இன்னா ராணி, கேட்டாங்களா?" என்றார் முத்துசாமி.

"கேட்டாங்க மாமா. சொல்லிட்டேன். பத்து நாள்ல லெட்டர் வரும்."

கோவிந்தராஜ் விசில் அடித்தான். யாரோ கோயிலுக்குக் கற்பூரம் வாங்க ஓடினார்கள். ஊர்க் கட்டு இந்த நிமிஷத்தோடு போச்சு என்று முத்துசாமி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கார்த்திகா உள்ளே போய்ச் சொம்பையும் போனையும் எடுத்துக்கொண்டு வந்து, சிரித்தபடி அவள் தோளை உரசிக்கொண்டு நின்றாள். விஜயராணி நகர்ந்து இடம் விட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு வள்ளிநாயகி மட்டும் நின்றாள். வாசற்படியைக் கால் விரலால் தேய்த்தாள்.

"மாப்பிள்ள வூட்டுல தை மாசத்துலயே வச்சிக்கலாம்னு கேக்கறாங்க அண்ணி" என்றாள். "பத்திரிக அடிக்கணும், மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கணும். மூணு வட்டிக்கு வாங்கித்தான் குடுக்கணும். காசு வந்துடும்னா துணிஞ்சி வாங்கிடுவேன். நீ இன்னா சொல்ற?"

விஜயராணி வெளியே கிடந்த கூடையைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி நாத்தனாரைப் பார்த்தாள்.

"வாங்கிடு வள்ளி" என்றாள். "நாளக் குறிச்சிடு."